மதுரை மாடியில் மலைமுகட்டு வாடாமலர் படருமா?

திருநகர் வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஏப்ரல் 11

மொட்டை மாடியில் பத்தடிக்கு ஆறடி அளவில் பாறைத் தோட்டம் ஒன்று அமைத்து வருகிறேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து கிரானைட் துண்டுகள் வந்து இறங்கிவிட்டன. தென்னாப்பிரிக்க மலைகளில் தரையோடு தரையாக வெள்ளிப் பாய் விரித்தாற்போலப் படரும் ஹெலிகிரைசம் மில்ஃபோர்டியே என்ற வாடாமலரைப் படத்தில் பார்த்தது முதல் வேறு எதையும் நட மனம் வரவில்லை. நல்ல வடிகாலும் முழு வெயிலும் இருந்தால் போதும் என்று விதைப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் மதுரையில் குறைவில்லை என்பதால் வளரும் என்றே நம்புகிறேன். வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 11, இரவு

வளராது.

ஏப்ரல் 12

கல் வந்து இறங்கிய வீட்டுக்காரருக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னது போதாது என்று காலையில் தோன்றியதால் காரணத்தையும் எழுதுகிறேன். பட்டியலில் 'முழு வெயில்' என்று எழுதியவர் மனத்தில் இருந்த வெயில் வேறு. மில்ஃபோர்டியே டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரிலும் லெசோத்தோவிலும் ஏறத்தாழ 3000 மீட்டர் உயரத்தில், பசால்ட் பாறைகளின் விளிம்புகளில் வளர்வது. அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆனால் காற்று குளிர்ந்திருக்கும், சூரியன் மறைந்ததும் கல்லும் குளிர்ந்துவிடும், குளிர்காலத்தில் உறைபனி விழும். மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், அந்தச் செடியின் ஊருக்கும் நம் ஊருக்கும் உயரத்தால் மட்டுமே ஏறத்தாழ 19 டிகிரி வேறுபாடு வருகிறது. வடிகாலைச் சரிசெய்து இந்த இடைவெளியை அடைக்க முடியாது.

அதன் உடலமைப்பும் அந்த ஊருக்காகவே ஆனது. இலைகள் சிறு சிறு கொத்துகளாக நெருங்கி, தரையோடு ஒட்டிக்கிடப்பது காற்றுக்குத் தப்புவதற்கு. மேலே படர்ந்திருக்கும் வெண்ரோமம் மலை உச்சியின் கடும் ஒளியைச் சிதறடிக்கிறது, இலையின் நீர் காற்றோடு போகாமல் காக்கிறது, பகலின் சிறிது வெப்பத்தைக் கொத்துக்குள் பிடித்தும் வைக்கிறது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பவர் எந்த நிலையில் இருப்பாரோ அந்த நிலையில்தான் இச்செடி திருநகர் மாடியில் இருக்கும்.

ஏப்ரல் 14

பகல் வெயிலைப் பச்சை வலை கட்டித் தணித்துவிடலாமே என்று கேட்டிருக்கிறார்கள். தணிக்கலாம். இவற்றைக் கொல்வது பெரும்பாலும் பகல் அல்ல, இரவு. அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

செடி பகலில் ஒளியைக் கொண்டு உணவைச் சேர்க்கிறது, இரவில் மூச்சுவிட்டு அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தாவரவியலில் வழக்கமான ஒரு கணக்கு. 8 டிகிரி இரவுகளுக்குப் பழகிய செடியை 28 டிகிரி இரவில் வைத்தால் செலவு நான்கு மடங்கை நெருங்குகிறது. செடிகள் ஓரளவு பழகிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் மிகச் சிறிய இலைகளே உள்ள ஒரு பாய்ச்செடியிடம் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. சித்திரை, வைகாசி முழுவதும் நம் மாடித் தளம் நள்ளிரவிலும் சூடாகவே இருக்கிறது. வரவைவிடச் செலவு மிகுந்தால் செடி உள்ளிருந்து மெலிகிறது, மெலிந்ததைப் பூஞ்சை பிடிக்கிறது, நமக்கோ அது 'திடீரென்று அழுகிவிட்டது' என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 21

தொட்டிக்கு அடியில் ஐஸ்கட்டி வைக்கலாமா என்ற யோசனைக்கு: வைக்கலாம், ஜிகர்தண்டாக் கடைக்காரரோடு ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால்.

ஏர்கூலர் பற்றிய யோசனை விளையாட்டு அல்ல என்பதால் நேராகவே பதில் சொல்கிறேன். ஏர்கூலர் நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. அந்த ஈரம் இலை ரோமத்தில் தங்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வெப்பம் மட்டும் இருப்பதைக் காட்டிலும் சீக்கிரம் முடிந்துவிடும். லண்டன் கியூ தோட்டத்திலேயே மலைமுகட்டுச் செடிகளுக்கென்று தனி வீடு கட்டியிருக்கிறார்கள். 2006இல் திறந்த அந்தக் கண்ணாடி வீட்டின் அடியில் கான்கிரீட் சுரங்க வழிகளை வளைத்து வளைத்து அமைத்து, அவற்றின் வழியாகச் சென்று குளிர்ந்த காற்றைச் செடிகளின் மேல் செலுத்துகிறார்கள். லண்டன் கோடைக்கே இவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

சண்டிகரிலும் மலம்புழாவிலும் இருக்கும் பாறைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒருவர், அங்கே இத்தகைய செடிகள் எதுவும் கண்ணில் படவில்லையே என்று கேட்கிறார். அவை நேக் சந்த் உடைந்த ஓடு, வளையல் துண்டு முதலியவற்றைக் கொண்டு அமைத்த சிற்பத் தோட்டங்கள். இங்கே பேசுவது கல்லின் இடுக்குகளில் மலைச்செடி வளர்க்கும் முறையைப் பற்றி. இரண்டுக்கும் கல் மட்டுமே பொது.

மே 12

கொடைக்கானலில் செண்பகனூருக்கு மேலே என் தங்கை வீடு இருக்கிறது. அங்கே மாப்பிள்ளை கல் அடுக்கிய மேட்டுப் பாத்தியில் ஆன்டெனாரியா டையோய்க்கா வளர்க்கிறார். இது ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் இயல்பாகக் காணப்படும் பாய் வகை வாடாமலர்; மில்ஃபோர்டியேயைக் காட்டிலும் எளிதில் ஒத்துப்போவது. அதிலிருந்து வேரோடு ஒரு துண்டை மார்ச்சில் மானாமதுரைச் சட்டியில் வைத்து, இறக்கும் என்று தெரிந்தே, எப்படி இறக்கிறது என்று பார்ப்பதற்காக மதுரைக்குக் கொண்டுவந்திருந்தேன். ஏப்ரல் நடுப்பகுதி வரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஓரம் பச்சையாகவே இருக்க நடுப்பகுதி பழுப்பேறியது. விரலால் தொட்டால் கொத்து அடியோடு கையில் வந்தது. மண் உலர்ந்திருந்தது, வடிகாலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சட்டி இருந்த இடத்தின் சிமென்ட் தளத்தில் இரவு ஒன்பது மணிக்கு உள்ளங்கையை வைக்க முடியவில்லை.

திருநகர் வாசகருக்கு இதைவிட நேரடியான சான்று என்னிடம் இல்லை.

மே 26

இ-பாஸ் எடுத்து மலைக்குப் போய்வந்தேன். இந்த மே 7ஆம் தேதியிலிருந்து சுற்றுலா வண்டிகளுக்கு அது கட்டாயம் என்பதைப் போகிறவர்கள் நினைவில் வைக்கவும். வத்தலக்குண்டு தாண்டி ஏறும்போது ஒன்று தோன்றியது. முதல் நாள் நான் சொன்ன 'வளராது' என்பதற்கு ஓர் எல்லை வகுக்க வேண்டும். மதுரையில் வளராது என்பதில் மாற்றமில்லை. ஆனால் மதுரையிலிருந்து 120 கிலோமீட்டருக்குள், 2100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், இந்தச் செடிகளுக்கு இங்கிலாந்தைவிடச் சில வகைகளில் பொருத்தமானது என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் இந்த வகைச் செடியைப் பற்றி எழுதும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வது, குளிர்கால ஈரம் கொன்றுவிடும் என்பதே. டிராகன்ஸ்பர்க்கில் மழை கோடையில் பெய்யும், குளிர்காலம் வறண்டிருக்கும். செடி குளிரில் உறங்கும்போது வேர் உலர்ந்திருக்கும். இங்கிலாந்தில் குளிரும் ஈரமும் ஒன்றாக வருகின்றன. கொடைக்கானலிலோ ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, இரவுக் குளிர் மிகுதி, ஏரியை ஒட்டிய தாழ்வான இடங்களில் புல்லின் மேல் உறைபனியும் விழும். குளிரும் வறட்சியும் அங்கே சேர்ந்தே வருகின்றன. இடையூறு அதற்கு முன்னால் வருகிற வடகிழக்குப் பருவமழைதான். ஆகவே அவர்கள் 'குளிர்கால ஈரத்திலிருந்து காக்கவும்' என்று எழுதியிருப்பதை நாம் 'ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலிருந்து காக்கவும்' என்று மாற்றி வாசித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு நாட்காட்டியை அப்படியே பின்பற்றி ஜனவரியில் செடியை மூடிவைப்பவர்கள், அதற்கு வேண்டிய வெயிலையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள்.

ஜூன் 9

மண் கலவை கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை பயன்படுத்துவது இரண்டு பங்கு 6 மில்லிமீட்டர் ஜல்லிச் சிப்ஸ், ஒரு பங்கு கரடான மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய சோலை இலை. எம்-சாண்ட் என்றால் அலசிவிட்டுத்தான் போட வேண்டும்; அதிலுள்ள கல்தூள் இரண்டு மழையில் அடியில் இறங்கி இறுகி, வடிகாலை அடைத்துவிடும். சாணி எருவோ மண்புழு உரமோ வேண்டாம். சத்து மிகுந்தால் கொத்துகள் நெருக்கம் இழந்து, காம்பு நீண்டு, பச்சையாகி, ரோமம் குறைந்து, படத்தில் பார்த்த வெள்ளிப் பாயைப் போல எதுவும் மிஞ்சாது. பழைய வீட்டை இடித்த காரைத் துண்டுகளைக் கல்லுக்குப் பதிலாக வைக்கலாமா என்பதற்கும் இதே பதில்: வேண்டாம், சுண்ணாம்பு கசிந்து மண்ணின் காரத்தன்மை கூடும்.

கலவையைவிட முக்கியமானது மேற்பரப்பு. செடியின் கழுத்தைச் சுற்றி, இலைக்கொத்துகளின் அடியில் நுழையும்படி, ஓர் அங்குலக் கனத்துக்குச் சிப்ஸ் பரப்ப வேண்டும். வேர் கீழே ஈரத்தில் இருக்கலாம், இலை மட்டும் ஈர மண்ணைத் தொடக் கூடாது. கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நெருக்கமாகப் புதைத்து, இடுக்கில் நட்டால் வேர் கல்லின் ஓரமாக ஆழத்துக்குப் போய்க் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் பரப்பிய முறை இது. பழனி மலையின் சார்னகைட் கல் இதற்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. கீழேயிருந்து லாரியில் கிரானைட் ஏற்றிக்கொண்டு போகத் தேவையில்லை.

ஜூன் 10

திருநகர்க் கிரானைட்டை மனத்தில் வைத்து நேற்றைய கடைசி வரியை எழுதவில்லை.

ஜூலை 14

இது சற்று நீளும். விதையை வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி விதைக்கு இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். கடித உறையில் மறைத்து அனுப்பச் சொல்வது சட்டத்துக்கும் பொருந்தாது, மலைக்கும் நல்லதல்ல. பழனி மலையின் புல்வெளியை ஏற்கெனவே வாட்டில் மரமும் பைனும் தின்று முடித்திருக்கின்றன; காற்றில் பறக்கும் விதை கொண்ட இன்னொரு அந்நியச் செடியைக் கொண்டுவருபவர், அது தோட்டத்தின் வேலியைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கக் கடமைப்பட்டவர். ஆன்டெனாரியாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் பூச்செதில்கள் வெண்மையாக அகன்றிருக்கும், பெண் செடியில் இளஞ்சிவப்பு ஓடும். ஆண் செடியை மட்டும் வைத்துக்கொண்டால் விதை பரவும் என்ற கவலை இல்லை. மாப்பிள்ளையிடம் இருப்பது ஆண் செடிதான்.

அதைவிட முக்கியமாக, வாடாமலர் என்றாலே கண்ணை ஏன் டிராகன்ஸ்பர்க்குக்கு ஓட்ட வேண்டும்? கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில், வெட்டுப்பட்ட மண்சரிவுகளில் வெண்ணிறக் காகிதப் பூக்கள் குத்துக்குத்தாக நிற்பதைப் பார்க்காதவர் குறைவு. அவை அனபாலிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை, ஹெலிகிரைசத்தின் பங்காளிகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளுக்கு மட்டுமே உரிய இனங்கள் இதில் பல உண்டு. திருச்சி ராபினட் தாவரக் களஞ்சியத்தை நிறுவிய கே. எம். மேத்யூ அடிகளார் பழனி மலைத் தாவரங்களை ஆண்டுக்கணக்கில் சேகரித்து வகைப்படுத்தியதால்தான் இன்று இவற்றைப் பெயர் சொல்லிப் பேச முடிகிறது. பெரும்பாலானவை முழங்கால் உயரம் எழுந்து நிற்பவை, பாய்போல் படர்பவை அல்ல. ஆனாலும் நீலகிரியின் பெயரையே தாங்கிய அனபாலிஸ் நீல்கெர்ரியானா சிறிய இலைகளோடு நெருங்கிக் கிளைத்துத் தாழ்ந்து வளர்வது. பாறைத் தோட்டத்துக்கு அதைவிட உரிமையுள்ள செடி எது?

உடனே கடப்பாரையோடு காட்டுக்குப் போய்விட வேண்டாம். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, காப்புக்காட்டில் ஒரு வேரைப் பிடுங்குவதும் குற்றம். பட்டா நிலத்துச் சாலைச் சரிவில், நிலத்துக்காரர் ஒப்புதலோடு, ஒரு முற்றிய பூத்தலையிலிருந்து விதை எடுத்தால் போதும். விதையை மணலின் மேலே தூவ வேண்டும், மண் போட்டு மூடக் கூடாது. தூசு போன்ற விதைக்கு முளைக்க ஒளி வேண்டும். பழைய விதையை நம்ப முடியாது, பறித்த பருவத்திலேயே தூவிவிடுவது நல்லது.

ஜூலை 15

நியூசிலாந்து ரௌலியாவைக் குறிப்பிடவில்லையே என்று கேட்டவருக்கு. ரௌலியா ஆஸ்திராலிஸ் ஒரு சென்டிமீட்டர் உயரம்கூட எழாமல் கல்லின் மேல் சாம்பல் பூச்சு பூசினாற்போலக் கிடக்கும். கொடைக்கானலில் முயலத் தக்கது, நான் பார்த்ததில்லை. ரௌலியா எக்சிமியாவோ மலைச்சரிவில் பெரிய வெண்திண்டாக வளர்வது. தூரத்திலிருந்து பார்த்தால் ஆடு படுத்திருப்பதுபோல் தெரிவதால் அந்நாட்டில் அதற்குக் 'காய்கறி ஆடு' என்றே பெயர் வழங்குகிறது. தோட்டத்தில் அதை நிலைநிறுத்துவது வல்லவர்களுக்கே அரிது. மந்தையை அங்கேயே விட்டுவிடுவோம்.

ஆகஸ்ட் 25

மதுரையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. கொடைக்கானல் கடையில் வாங்கிவந்த உலர்ந்த வாடாமலரை, அதாவது ஆஸ்திரேலிய வகையான சீரோகிரைசத்தை, ஒரு கிண்ணத் தண்ணீரில் மூழ்க வைத்தேன். சற்று நேரத்தில் செதில்கள் உள்நோக்கி வளைந்து பூ மொட்டைப் போல மூடிக்கொண்டது. மின்விசிறிக்குக் கீழே வைத்ததும் உலர்ந்து மறுபடி விரிந்தது. செத்த பூ இது. இதில் உயிரின் வேலை எதுவும் இல்லை. செதிலின் வெளிப்பக்கத் திசு நீரை உறிஞ்சி உட்பக்கத்தைவிட அதிகமாக நீள்வதால் செதில் தானே வளைகிறது. மழையில் மகரந்தம் நனையாமல் இருக்க இந்த ஏற்பாடு.

இதற்குத் தோட்டத்தில் ஒரு விளைவு உண்டு. மில்ஃபோர்டியேயின் செதில் உட்புறம் வெள்ளை, வெளிப்புறம் கருஞ்சிவப்பு; மூடியிருக்கும்போது சிவப்பு மொட்டாகவும் திறந்தால் வெள்ளைப் பூவாகவும் தெரியும். கொடைக்கானலில் மத்தியானத்துக்கு மேல் பெரும்பாலும் பனிமூட்டம் ஏறிவிடுவதால், இந்த வகைப் பூக்களைத் திறந்த நிலையில் பார்க்க விரும்புபவர் காலையில் பார்த்தால்தான் உண்டு. பாத்தியையும் கிழக்கு நோக்கி அமைப்பதே சரி.

அக்டோபர் 6

மழைக்கூரை போட வேண்டிய நாள் வந்துவிட்டது. பாலிகார்பனேட் தகடு ஒன்றைச் சாய்வாக, செடிக்கு ஓரடி மேலே, நான்கு கம்பிகளில் நிறுத்தினால் போதும். பக்கங்களை மூடக் கூடாது. காற்று ஓடாவிட்டால் பனிமூட்டத்தின் ஈரம் ரோமத்திலேயே தங்கி, மழை செய்யும் வேலையை அதுவே செய்துவிடும். தகட்டிலிருந்து வடியும் நீர் பாத்திக்கு வெளியே விழும்படி சரிவு இருக்க வேண்டும். வேர் முற்றிலும் காயாமல் இருக்க, கற்களுக்கு இடையே குழாய் முனையைச் செருகி வாரம் ஒருமுறை சிறிது நீர் விட்டால் போதும். டிசம்பர் நடுவில் தகட்டை எடுத்துவிடலாம்.

நவம்பர் 17

தகட்டை மழை ஒன்றும் செய்யவில்லை, காட்டெருமை செய்துவிட்டது. இரவில் வந்து, கம்பியில் முதுகைச் சொறிந்துகொண்டு, பாத்தியின் ஒரு மூலையில் குளம்பைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறது. கொடைக்கானல் வாசிகளுக்கு இது புதிதல்ல. வியப்பு என்னவென்றால், மிதிபட்ட இடத்தில் செடி சாகவில்லை. உடைந்து சிதறிய கொத்துகளைச் சிப்ஸில் அழுத்தி வைத்ததில் பெரும்பாலானவை பசுமையாகவே இருக்கின்றன. மேய்ச்சலுக்கும் மிதிக்கும் பழகிய வகை என்பது இதிலேயே தெரிகிறது. மில்ஃபோர்டியேக்கு இந்தத் தைரியம் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

2025 ஜனவரி 12

திருநகர் வாசகர் பொறுமையாகக் காத்திருக்கிறார், கற்களும் மாடியில் காத்திருக்கின்றன. மறுபடி அவர் கேள்விக்கே வருகிறேன்.

நாளை மறுநாள் பொங்கல். காப்புக் கட்டுவதற்காக வேப்பிலை, ஆவாரம்பூவோடு சிறுபீளைக் கட்டுகள் கடைவீதியில் வந்து குவிந்திருக்கும். அந்தச் சிறுபீளையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். சாம்பல் படர்ந்த ரோம இலை, இலைக்கக்கத்தில் வெண்பஞ்சு போன்ற பூ, நிலைப்படியில் செருகி நாட்கள் பல கழிந்தும் நிறம் மாறாமை: வாடாமலரிடம் நாம் விரும்புகிற குணங்கள் எல்லாம் இருக்கின்றன. சங்கப் புலவர் வரகுச் சோற்றுக்கு உவமை சொன்னதும் இந்தப் பூளையைத்தான். குடும்பத்தால் இது சூரியகாந்தி இனமல்ல, கீரை வகையறாவைச் சேர்ந்தது. யானைமலை அடிவாரத்திலும் தரிசிலும் கல்லிடுக்கிலும் யாரும் நீர் ஊற்றாமல் வளர்கிறது. சத்தில்லாத மண்ணில், முழு வெயிலில், நுனியை அவ்வப்போது கிள்ளிவிட்டால் நிமிராமல் பக்கவாட்டில் படர்கிறது. என் மாடியில் ஒரு சட்டியில் அப்படித்தான் இருக்கிறது.

இதனோடு கல்லை ஒட்டிப் படரும் செப்பு நெருஞ்சியையும், நீலப் பூவுக்கு விஷ்ணுகிராந்தியையும் சேர்த்தால், பத்தடிக்கு ஆறடி இடம் நிரம்பிவிடும். ஜூன் மாத மண் கலவையை அப்படியே வைத்துக்கொள்ளலாம், சோலை இலைக்குப் பதில் செம்மண். நாற்றுக்கு எங்கும் அலைய வேண்டாம். பொங்கல் கட்டில் முற்றிய பூக்களை உதிர்த்துத் தூவினாலே முளைக்கும்.

ஜனவரி 13

சிறுபீளையைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறேன் என்று ஒரு புகார். காகிதச் செதிலோடு கூடிய பூவே வேண்டும் என்பவர், ஆஸ்திரேலிய வாடாமலரின் குட்டை வகை விதையை ஐப்பசிக் கடைசியில் நாற்றுவிட்டால், தை, மாசியில் மதுரையிலேயே பூப்பார்க்கலாம். ஓராண்டுச் செடியாக வைத்துக்கொள்வது; பங்குனி வெயிலில் முடிந்துவிடும். அதுவும் பாய் அல்ல, ஓரடி எழும்பும். பாயும் வேண்டும், காகிதப் பூவும் வேண்டும், மதுரை மாடியிலும் வேண்டும் என்றால் இம்மூன்றும் சேராது.

பிப்ரவரி 16

கொடைக்கானலில் இடம் உள்ளவர்கள் ஆன்டெனாரியாத் துண்டு கேட்டு எழுதுகிறார்கள். வறண்ட பருவம் இருக்கும்போதே பிரித்து வைப்பது நல்லது. பாயின் ஓரத்திலிருந்து, அடியில் வெண்வேர் தெரியும் கொத்துகளாகப் பார்த்து, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும்; நடுப்பகுதி பழையது, அது பிடிக்காது. அலசிய மணலில் கழுத்து வரை செருகி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, தட்டில் நீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விட்டால் ஆறு வாரத்துக்குள் வேர் பிடித்துவிடும். ஏப்ரல் மழைக்கு முன்பே கல்லிடுக்கில் நட்டுவிடலாம். மாப்பிள்ளை ஒரு தட்டு நிறையத் தயார் செய்துவைத்திருக்கிறார், செண்பகனூர்ப் பக்கம் வருபவர்கள் சட்டியோடு வரவும். மதுரைக்கு இறக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத் தர மாட்டாராம்.